ஒரே லோடில் மூன்று நிற வாழை: தப்பு ஓட்டுநர் மேலா?

கேள்வி:

தேனி மாவட்டம் சின்னமனூர் பக்கத்தில் வாழை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களில் நானும் ஒருத்தி. சென்ற ஆண்டு வங்கிக் கடனில் 17 அடி ஏசி வண்டி வாங்கினோம். ஜி9 வாழையைச் சீப்பாக அறுத்து, கழுவி, 13 கிலோ பெட்டிகளில் அடைத்து, சென்னையில் ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்புகிறோம். காலை 9 மணிக்கு மேல் தார் வெட்டத் தொடங்குவோம். மாலை லோடு ஏற்றினால் மறுநாள் விடியும்போது வண்டி சென்னையில் இருக்கும். சீக்கிரம் குளிரட்டும் என்று 8 டிகிரியில் வைத்து அனுப்பினோம். இரண்டு லோடுகளைத் தள்ளிவிட்டார்கள். பழுக்க வைத்த பிறகு, முன்பக்கம் மேலடுக்கில் இருந்த பெட்டிகளில் தோல் சாம்பல் பூத்துவிட்டதாம். நடுவில் இருந்த பெட்டிகளில் தோல் பச்சையாகவே இருக்க, உள்ளே குழைந்துவிட்டதாம். மீதி நன்றாக மஞ்சள் ஆகியிருக்கிறது. "ஒரே லோடில் மூன்று நிறம்" என்கிறார்கள். வண்டியின் வெப்பநிலைப் பதிவைப் பார்த்தால் மூன்று மணி நேரத்தில் 9 டிகிரிக்கு வந்து, கடைசிவரை அப்படியே இருக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க ஓட்டுநர் வழியில் மெஷினை நிறுத்தியிருப்பார் என்று எங்கள் குழு முடிவு செய்து, அவருடைய சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. அவர் இல்லவே இல்லை என்கிறார். மெஷின் விற்றவர்கள் மெஷின் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இனி 5 டிகிரியில் வைத்து அனுப்பட்டுமா? காலி இடத்தில் கேரட், திராட்சை ஏற்றலாமா? திரும்பி வரும்போது மீன் லோடு கேட்கிறார்கள், எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஓட்டுநரின் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் மெஷினை நிறுத்தவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே இரண்டு சாட்சிகள் இருக்கின்றன.

ஒன்று, வண்டியின் பதிவு. மே மாத வெயிலில் இல்லாவிட்டாலும், 30 டிகிரி இரவிலேயே மெஷினை அரை மணி நேரம் நிறுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் காற்று சில டிகிரி ஏறிவிடும். அது பதிவில் மேடாகத் தெரியும். உங்கள் பதிவில் அப்படி ஒரு மேடும் இல்லை. இன்னொன்று, சாம்பல் பூத்த தோல். மெஷினை நிறுத்தினால் வாழை சூடாகும், சீக்கிரம் பழுக்கும். தோல் சாம்பலாவது சூட்டினால் வருவதல்ல, அளவுக்கு மீறிய குளிரால் வருவது. மெஷின் ஓயாமல் ஓடியதன் அடையாளம் அது. ஆக, ஓட்டுநர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். மெஷின் விற்றவர்கள் சொல்வதும் உண்மைதான். தவறு நடந்தது வண்டி கிளம்புவதற்கு முன்பு, உங்கள் சிப்பம் கட்டும் கொட்டகையில்.

ஒரே லோடில் ஒரு பெட்டி குளிரால் கெட்டிருக்கிறது, அதற்கு நாலு வரிசை தள்ளி இன்னொரு பெட்டி சூட்டால் கெட்டிருக்கிறது. இது எப்படி நடக்கும் என்பது புரிந்துவிட்டால், 5 டிகிரியில் வைக்கலாமா என்ற கேள்வியை நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

வாழை வெப்ப மண்டலப் பயிர். பச்சை வாழைக்குப் பயணத்தில் ஏற்ற வெப்பநிலை 13 முதல் 14 டிகிரி. அதற்குக் கீழே போகப் போக, தோலின் அடியில் ஓடும் பால் குழாய்கள் பழுப்பாகின்றன. பிறகு எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைத்தாலும் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் வராது. மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். எத்தனை டிகிரி குறைந்தது, எத்தனை மணி நேரம் அப்படியே இருந்தது என்பதைப் பொறுத்துச் சேதம் கூடும். இதில் பெரிய தொல்லை, அடி பட்ட உடனே தெரியாது என்பதுதான். வண்டியிலிருந்து இறக்கும்போது காய் பச்சைப் பசேலென்று அழகாகவே இருக்கும். பழுக்கும் அறைக்குப் போய் வெளியே வரும்போதுதான் நிறம் காட்டிக் கொடுக்கும். அதனால்தான் சேதம் எங்கே நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல், கடைசியில் கையில் கிடைத்தவர் மேல் பழி விழுகிறது. சந்தேகம் வந்தால் பச்சைக் காயிலேயே ஒரு சோதனை உண்டு. கூரிய கத்தியால் மேல்தோலை மெல்லிய ஏடாகச் சீவிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடுகள் தெரிந்தால் குளிர் அடித்திருக்கிறது.

8 டிகிரியில் வைத்தால் எல்லாப் பெட்டியும் 8 டிகிரியில்தானே இருந்திருக்க வேண்டும், அதுவே கெடுதல் என்றால் எல்லாமே சாம்பலாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். உங்களுடையது போன்ற வண்டிகளில் பெரும்பாலும் மெஷின், பெட்டிக்குள் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்றை அளந்துதான் தன் ஓட்டத்தை முடிவு செய்கிறது. திரும்பும் காற்று 8 ஆகும்வரை அது முழு வேகத்தில் ஓடும். அந்த நேரத்தில் மெஷினின் வாயிலிருந்து வெளியேறும் காற்று அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அந்தக் காற்று முதலில் மோதுவது முன்பக்கம் மேலடுக்குப் பெட்டிகளில். சாம்பல் பூத்தவை அவைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நடுவில் இருந்தவை ஏன் சூடாகவே கிடந்தன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும், வண்டி வாங்குவதற்கு முன்னால், ஒரு தடவையாவது இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஒரு கிலோ வாழையை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 3.4 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். உங்கள் லோடு 5 டன் என்று வைத்துக்கொள்வோம். பகலில் வெட்டிய காயின் உள்ளே 32 டிகிரி இருக்கும். அதை 14-க்குக் கொண்டுவர 18 டிகிரி இறக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 3,06,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் 85 யூனிட். 17 அடி வண்டியில் இருக்கும் மெஷினின் குளிரூட்டும் திறன் 5 கிலோவாட் என்று கொண்டால் (உங்கள் மெஷினின் தகட்டில் சரியான எண் இருக்கும், பாருங்கள்), இந்த வெப்பத்தை எடுக்க மட்டும் அதற்கு 17 மணி நேரம் வேண்டும். அதுவும் சுவர் வழியாக ஒரு துளி வெப்பமும் உள்ளே வராமல், காற்று ஒவ்வொரு காயையும் தொட்டுப் போனால்தான். உண்மையில் கூரையும் சுவரும் வெப்பத்தை உள்ளே விடும். அறுத்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் அதுவும் தன் பங்குக்கு வெப்பம் உண்டாக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். சின்னமனூரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஓர் இரவுப் பயணம். அந்த நேரத்துக்குள் முடியக்கூடிய வேலை இல்லை இது.

சரி, மூன்று மணி நேரத்தில் பதிவு 9 டிகிரி காட்டியதே? அது காற்றின் வெப்பநிலை. காயினுடையது அல்ல. பெட்டிகளை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடுக்கியிருந்தால், மெஷினிலிருந்து வரும் குளிர்காற்று நடுவே நுழைய வழியில்லாமல் மேலாகவே ஓடி, பக்கவாட்டில் இறங்கி, திரும்ப மெஷினுக்கே போய்விடும். அந்தக் காற்றைத் தொட்டுப் பார்த்த மெஷின், வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்ளும். வடித்த சோற்றுப் பானை மேலே ஆறி உள்ளே ஆவி பறப்பதுபோல, உங்கள் லோடின் நடு அடுக்குகள் சூட்டோடு பயணம் செய்தன. அவை அதே சூட்டோடு பழுக்கும் அறைக்குள் போயின. கேவண்டிஷ் இனத்துக்கு ஒரு குணம் உண்டு. ஜி9 அந்த இனம்தான். 24 டிகிரிக்கு மேலே பழுத்தால் சதை கனிந்துவிடும், தோலின் பச்சை மட்டும் போகாது. பச்சைத் தோல், குழைந்த சதை என்று கிடங்குக்காரர்கள் சொன்னது அதைத்தான். நன்றாக மஞ்சள் ஆன மீதிப் பெட்டிகள், காற்று அளவாகப் பட்ட இடங்களில் இருந்தவை.

ஆகவே 5 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? காய் விரைவாகக் குளிராது. 8-இல் வைத்தாலும் 13-இல் வைத்தாலும், இலக்கை எட்டும்வரை மெஷின் ஒரே முழு வேகத்தில்தான் ஓடுகிறது. குறைத்து வைப்பதால் கூடுதல் வேகம் கிடைப்பதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டி ஓடுவதுதான் மிச்சம். சாம்பல் பூக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை கூடும், நடுவில் வேகும் பெட்டிகள் அப்படியே வேகும்.

இந்த மெஷின்கள் செய்யப்பட்டிருப்பது ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே நிலையில் வைத்திருப்பதற்காக. சரக்கைக் குளிர்விக்கும் வேலை, ஏற்றுவதற்கு முன்பு, தோட்டத்துக்குப் பக்கத்திலேயே முடிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் குளிர்ச் சங்கிலி (தோட்டத்திலிருந்து கடைவரை சரக்கைக் குளிராகவே கொண்டுபோகும் ஏற்பாடு) என்றாலே வண்டியும் கிடங்கும்தான் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. மானியத்துக்கு அலைவதும் அவற்றுக்காகத்தான். தேசிய குளிர்ச் சங்கிலி மேம்பாட்டு மையத்துக்காக 2015-இல் நடந்த ஆய்வு, நாட்டில் 70,080 சிப்பம் கட்டும் கூடங்கள் தேவை என்று கணக்கிட்டது. அப்போது இருந்தவை 249. குளிர்சாதன வண்டிகளின் தேவை 61,826, இருந்தவை 10,000-க்கும் குறைவு. பெரிய குளிர்பதனக் கிடங்குகளில் மட்டும் பற்றாக்குறை பத்தில் ஒரு பங்கு அளவே. இந்த எண்களை நான் போகும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சங்கிலியின் முதல் கண்ணி, அதாவது அறுத்த காய் தன் வயல் சூட்டை இழக்க வேண்டிய இடம், கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதுதான் அந்த எண்களுக்குப் பொருள். உங்கள் குழுவும் மற்ற பல குழுக்களைப் போலவே இரண்டாவது கண்ணியை முதலில் வாங்கிவிட்டது. வண்டியை விற்க வேண்டியதில்லை. விட்டுப்போன முதல் கண்ணியைச் சேர்த்தால் போதும்.

காசு செலவில்லாமல் அடுத்த லோடிலேயே செய்யக்கூடியதை முதலில் சொல்கிறேன். வெட்டும் நேரத்தை மாற்றுங்கள். விடியற்காலையில் காயின் உள்ளே 24 டிகிரி அளவில் இருக்கும். அப்போது வெட்டினால் 18 டிகிரிக்குப் பதிலாக 10 டிகிரி இறக்கினால் போதும். 85 யூனிட் வேலை 47 யூனிட்டாகக் குறைகிறது. சூரியன் உங்களுக்குச் சும்மா கொடுக்கும் தள்ளுபடி இது. வெட்டுக்கூலி ஆட்கள் அந்நேரத்துக்கு வரத் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் தள்ளுபடியான ஒரு லோடின் நட்டத்துக்குப் பக்கத்தில் அது வராது. வெட்டிய தாரை வரப்பில் போட்டு வைக்காமல் உடனே நிழலுக்குக் கொண்டுவாருங்கள். பால் வடியக் கழுவும் தொட்டியின் மேல் கூரை போடுங்கள். பகல் வெயில் பட்ட தொட்டித் தண்ணீரில் காயை முக்கினால் காலையில் சேமித்தது அங்கேயே போய்விடும்.

ஆனால் விடியலில் வெட்டிய காயை மாலைவரை கொட்டகையில் வைத்திருந்தால் அது மறுபடியும் சூடேறிவிடும். அங்கேதான் குளிர் அறை வேண்டும். சொந்தமாகக் கட்டும்வரை, உங்கள் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் குளிர்பதன அறை வாடகைக்குக் கிடைக்கிறதா என்று வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் அறுத்ததும் அங்கே கொண்டுபோய் வைத்து, மாலையில் நேராக அங்கிருந்து ஏற்றுங்கள்.

சொந்தமாகக் கட்டும்போது ஓர் எச்சரிக்கை. "10 டன் குளிர் அறை" என்று விலை சொல்வார்கள். அந்த 10 டன், அறைக்குள் எவ்வளவு சரக்கு வைக்கலாம் என்பதன் கணக்கு. எவ்வளவு சூடான சரக்கை எவ்வளவு நேரத்தில் குளிர்விக்கும் என்பதல்ல. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவதைத்தான். 5 டன் காயை 26-இலிருந்து 14-க்கு 6 மணி நேரத்தில் கொண்டுவர வேண்டும் என்றால், காய்க்கு மட்டுமே சராசரியாக 9 முதல் 10 கிலோவாட் வேண்டும். தொடக்கத்தில் தேவைப்படும் வேகம், கதவு திறப்பது, விசிறியின் சூடு எல்லாம் சேர்த்தால் 15 கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. குளிரூட்டும் மெஷின்காரர்கள் இதையும் "டன்" என்றுதான் சொல்வார்கள். அந்த டன் ஒன்று சுமார் 3.5 கிலோவாட். விலைப்புள்ளியில் எந்த டன் எழுதப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். சரக்கின் எடை, ஏற்றும்போது உள் வெப்பநிலை, இறங்க வேண்டிய வெப்பநிலை, மணி நேரம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, அதற்கு மெஷின் போதும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறைக்குள் பெட்டிகளைச் சும்மா அடுக்கி வைத்தால் நடுப் பெட்டி குளிர ஒரு நாளுக்கும் மேலாகும். காற்றைப் பெட்டிகளின் ஊடே இழுக்க வேண்டும். இதற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. பெட்டிகளை இரண்டு வரிசையாக, நடுவில் ஒரு சந்து விட்டு அடுக்குங்கள். சந்தின் மேலேயும் ஒரு முனையிலும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மறுமுனையில் ஒரு பெரிய விசிறியை, சந்துக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும்படி வையுங்கள். சந்தில் காற்று குறைவதால் அறையின் குளிர்காற்று பெட்டிகளின் துளைகள் வழியாக, காய்களை உரசிக்கொண்டுதான் உள்ளே வர முடியும். நாள் கணக்கில் ஆகும் வேலை மணிக் கணக்கில் முடியும். இதற்குப் பெட்டியில் துளை இருக்க வேண்டும், அடுக்கும்போது துளைக்கு நேர் துளை வர வேண்டும், உள்ளே விரிக்கும் பாலித்தீன் தாள் துளையை அடைத்து நிற்கக் கூடாது. அறையின் காற்றும் 13-க்குக் கீழே போகாமல் இருக்கட்டும். அவசரத்தில் 8-இல் வைக்கும் ஆசை இங்கேயும் வரும்.

பணத்துக்கு வழி உண்டு. 2020-இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழு ஆண்டுகள்வரை 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் முன்குளிரூட்டும் அறைக்கு, சமவெளிப் பகுதியில் 35 சதவீத மானியம் உண்டு. அது கடனோடு இணைந்த மானியம், வேலை முடிந்த பிறகுதான் கணக்குக்கு வரும். ஒப்புதல் கைக்கு வருமுன் அஸ்திவாரம் தோண்டிவிடாதீர்கள். பல குழுக்கள் மானியத்தை இழப்பது அந்த இடத்தில்தான். கட்டுவதற்கு முன் திருச்சி தாயனூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு உங்கள் குழுவில் இரண்டு பேரை அனுப்பி, அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பப் பிரிவில் பேசச் சொல்லுங்கள்.

இனி ஏற்றும் முறை. வண்டியின் செட் பாயிண்டை, அதாவது மெஷினில் நாம் குறித்து வைக்கும் வெப்பநிலையை, 13.5-இல் வையுங்கள், யாரும் அதைத் தொடக் கூடாது. வெறும் வண்டியை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடவிட்டுச் சுவரையும் தரையையும் குளிர வையுங்கள். கதவைத் திறந்து ஏற்றத் தொடங்கியதும் மெஷினை நிறுத்திவிடுங்கள். கதவு திறந்திருக்க மெஷின் ஓடினால் வெளியிலிருக்கும் ஈரக் காற்றை உறிஞ்சி, உள்ளே குழாய்களின் மேல் பனியாகக் கட்டிக்கொள்ளும். பிறகு வழியெல்லாம் மெஷின் அந்தப் பனியை உருக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். பெட்டிகளைத் தரையில் நேரடியாக வைக்காமல் கட்டைப் பலகை மேல் வையுங்கள். கூரைக்கும் மேலடுக்குக்கும் நடுவே ஒரு முழ அளவுக்கு இடம் இருக்கட்டும். கதவுப் பக்கமும் முன்சுவர்ப் பக்கமும் கை நுழையும் இடைவெளி வேண்டும். முன்சுவர் ஓரமாகத்தான் காற்று திரும்பிப் போக வேண்டும், அதை அடைத்தால் மெஷின் மூச்சு முட்டும். காற்று ஓட்டத்துக்கு இரண்டு தெரிவுகள் இருந்தால், விட்டு விட்டு ஓடுவதை விட்டுவிட்டு, விசிறி எப்போதும் ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள். டீசல் சற்றுக் கூடும். கூடட்டும். பழுத்த சீப்பு ஒன்றுகூட லோடுக்குள் போகக் கூடாது, அது விடும் எத்திலீன் பக்கத்துப் பெட்டிகளையும் கிளப்பிவிடும்.

உங்கள் வண்டியின் மெஷின் வண்டி எஞ்சினிலிருந்தே ஓடுகிறதா, தனி எஞ்சின் இருக்கிறதா என்று எழுதவில்லை. முதல் வகை என்றால், ஓட்டுநர் டீக்கடையில் எஞ்சினை அணைத்தாலே குளிரும் நின்றுவிடும். அவர் சாப்பிடவும் கண் அசரவும் வேண்டும், அதைத் தடுக்கக் கூடாது. மின்சாரத்தில் ஓடும் துணை மோட்டார் இருந்தால் வழியில் இணைப்புக் கொடுக்கும் இடம் ஒன்றைப் பேசி வையுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிட்டு ஓய்வெடுக்கும்படி சொல்லி, அந்த டீசலை நிறுவனக் கணக்கில் எழுதுங்கள். ஓட்டுநர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய நிலையில் விட்டுவிட்டு, பிறகு அவரை நம்பவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

வண்டியின் உடம்பையும் ஒருமுறை பாருங்கள். குளிரைக் காப்பதில் மெஷினுக்கு உள்ள பங்கைவிடச் சுவருக்கு உள்ள பங்கு குறைந்ததல்ல. சென்னை மெரினாவில் ஐஸ் ஹவுஸ் நிற்கிறதே, 1842-இல் கட்டியது, இன்று விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்த இடம் அது. 1833-இல் இதே பனிக்கட்டி வணிகர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதல் கப்பலில் ஏறிய 180 டன்னில் சுமார் 100 டன், நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பிறகும் கரையாமல் வந்து சேர்ந்தது. எந்த மெஷினும் கிடையாது. காப்பு அடுக்கு ஒன்றுதான் அதைச் செய்தது. உங்கள் வண்டியில் அந்த வேலையைச் செய்வது சுவருக்குள் இருக்கும் பஃப் நுரையும் கதவின் ரப்பர் பட்டையும். நடுப்பகலில் ஒருவர் உள்ளே நின்று, வெளியே ஆள் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் பார்க்கட்டும். எங்கேயாவது வெளிச்சக் கீற்று தெரிந்தால் அந்த ரப்பரை உடனே மாற்றுங்கள். தரையில் தண்ணீர் வடியும் துளைகளுக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலி இடத்தில் கேரட்டும் திராட்சையும் வேண்டாம். இரண்டும் 0 டிகிரியை ஒட்டி இருக்க விரும்புபவை. வாழைக்கு ஏற்ற 13.5-இல் கம்பம் பன்னீர்த் திராட்சை காம்பு காய்ந்து உதிரும். அதோடு, எத்திலீன் பட்டால் கேரட் கசக்கும். பீன்ஸுக்கு 5 முதல் 7 டிகிரி வேண்டும், அதுவும் ஒத்துவராது. செங்காயாகாத பச்சைத் தக்காளிக்கு வாழையின் வெப்பநிலையே பொருந்தும். கத்தரி 10 முதல் 12 டிகிரி கேட்கும், ஓர் இரவுக்குத் தாங்கும். மாங்காய்க்கும் 13 டிகிரி சரிதான், ஆனால் பழுக்கத் தொடங்கிய மாம்பழத்தை வாழையோடு சேர்க்கவே கூடாது. என் கருத்தைக் கேட்டால், இந்த ஆறு மாதத்துக்கு வாழையைத் தவிர வேறெதையும் ஏற்றாதீர்கள். ஒரு சரக்கில் கை பழகட்டும்.

திரும்பும் பயணத்தில் மீனையும் எடுக்க வேண்டாம். வாடகை ஆசை காட்டும் என்பது தெரியும், கடன் தவணையும் கண் முன்னே நிற்கும். ஆனாலும் மீன் தண்ணீர் தரைப் பலகையின் இடுக்கில் ஒருமுறை இறங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. கிடங்குக்காரர்கள் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது மூக்கால்தான். சாக்லேட், மிட்டாய் வகை சரக்குகளுக்கு 15 முதல் 18 டிகிரி போதும். உங்கள் வண்டிக்குச் சிரமமே இல்லாத சரக்கு அது. மதுரை, தேனிப் பக்க மொத்த வியாபாரிகளுக்குச் சென்னையிலிருந்து அது வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த முகவர்களைப் போய்ப் பாருங்கள். மற்றவர்களின் உணவுச் சரக்கை ஏற்றுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமமோ பதிவோ வேண்டும், அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, இந்தச் சண்டை திரும்ப வராமலிருக்க ஒரு கருவி வாங்குங்கள். ஊசி போன்ற முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர், காயின் சதைக்குள் குத்தி அளப்பது. விலை அதிகமில்லை. ஏற்றும்போது முன்பக்கம் மேலடுக்கு, லோடின் நடு, கதவுப் பக்கம் கீழடுக்கு என்று மூன்று இடங்களில் ஒவ்வொரு காயைக் குத்தி அளந்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதி, ஏற்றியவரும் ஓட்டுநரும் கையெழுத்துப் போடட்டும். குளிர் அறை கிடைத்த பிறகு, மூன்றில் எதுவும் 16 டிகிரிக்கு மேல் இருந்தால் வண்டி கிளம்பக் கூடாது. அறையில் இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கட்டும். வண்டியின் பதிவை மட்டும் நம்பாமல், வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் சிறிய டேட்டா லாகர் ஒன்றை நடுப் பெட்டிக்குள்ளேயே காய்களின் நடுவே வைத்து அனுப்புங்கள். சென்னையில் இறக்கும்போது, கிடங்கு ஆட்கள் முன்னிலையில் அதே மூன்று இடங்களில் அளந்து, அதே தாளில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை அவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று தயங்காதீர்கள். இரண்டு லோடு தள்ளிய பிறகும் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் உங்கள் காய் அவர்களுக்கு வேண்டும். நேரில் போய், தவறு எங்கே நடந்தது என்று இந்தக் கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். என்ன மாற்றப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: இறக்கும்போது காயின் உள் வெப்பநிலை 13-க்கும் 16-க்கும் இடையில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால், அதன் பிறகு பழுக்கும் அறையில் நேரும் வெப்பநிலைச் சேதத்துக்கு உங்கள் நிறுவனம் பொறுப்பல்ல. முதல் இரண்டு லோடுகளுக்கு முழு வண்டி அனுப்பாமல் பாதி லோடு அனுப்புவதாகவும் சொல்லுங்கள். பாதி லோடு என்றால் இப்போதிருக்கும் மெஷினுக்கும் வேலை பாதியாகும். குளிர் அறை தயாராகும்வரை உங்களால் உறுதியோடு அனுப்பக்கூடிய அளவும் அதுதான்.